என்ன தெரியறது?

அந்த அம்மாவைப் பார்த்த முதல் நாளே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். பார்ப்பதற்கு முன்பே பிடிக்கவில்லை. மனுஷக் கண் எப்படிப் பார்க்கிறது என்று வெளிநாட்டில் படித்த ஒருவர் எங்கள் கம்பெனிக்கு வரப்போகிறார் என்று முதலாளி சொன்னதுமே அவர் எனக்கு ஆகாதவராகிவிட்டார். கேமரா செய்கிற இடத்துக்குக் கண் படித்தவர் எதற்கு? ஆள் குறைக்கத்தான், வேறு எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களுடையது பெரிய கம்பெனி எல்லாம் இல்லை. தூத்துக்குடி பைபாஸ் பக்கம் ஒரு ஷெட், பதினாலு பேர். கண்டெய்னர் யார்டுகளில் ஓடுகிற பழைய கிரேன்களுக்குக் கேமராவும் திரையும் செய்து மாட்டிக் கொடுப்போம். கிரேன் ஓட்டுகிறவர் ஆறு மாடி உயரத்தில் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால் அதன் நாலு மூலையிலும் பூட்டு விழ வேண்டும். விழுந்தால் அந்த மூலையில் பச்சைத் தகடு தெரியும், விழாவிட்டால் சிவப்புத் தகடு. அவ்வளவு உயரத்திலிருந்து வெறுங்கண்ணால் அதைப் பார்க்க முடியாது. அதனால் மூலைக்கு ஒரு கேமரா, மேலே அவர் முன்னால் ஒரு திரை. அந்தத் திரையில் நிறம் சரியாக விழுகிறதா என்று பார்த்துத் திருத்துவது என் வேலை.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க வராது.

சிரிக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் வேப்பிலைக்குப் பழுப்பு நிறம் அடித்து வாத்தியாரிடம் வாங்கிய அடியிலிருந்து அது எனக்குத் தெரியும். வேலைக்குச் சேரும்போது மருத்துவப் பரிசோதனையில் புள்ளி புள்ளியாக வண்ணம் அடித்த ஒரு புத்தகத்தை விரித்து, உள்ளே என்ன எண் இருக்கிறது என்று கேட்பார்கள். எனக்கு முன்னால் உள்ளே போய் வந்தவனைப் பிடித்து எண்களை வரிசையாகக் கேட்டு, மனப்பாடம் செய்துகொண்டு போய் ஒப்பித்துவிட்டேன். வேலையில் நிறத்தை அளக்க மீட்டர் இருந்தது. மீட்டர் எண்தான் காட்டும், எண்ணுக்கு நிறம் ஏது? அஞ்சு வருஷம் யாருக்கும் சந்தேகம் வராமல் ஓட்டினேன். ஆறுமுகநேரியில் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. "அந்தப் பொட்டி வேல போச்சின்னா ஒண்ணும் கவலப்படாத, கடையில வந்து உக்காருல" என்று மாசத்துக்கு ஒரு தடவை ஆறுதல் சொல்வார். அந்த ஆறுதலுக்குப் பயந்துதான் நான் வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பெருமாள் கோயில் தெரு. அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்பி வந்தவர் என்று சொன்னார்கள். நான் நம்பவில்லை. வந்த முதல் வாரத்திலேயே தன்னுடைய அறைக்குச் சாம்பல் நிறத்தில் பெயிண்ட் அடிக்கச் சொன்னார். சுவர், கதவு, மேஜை, எல்லாம் சாம்பல். சேலையும் சாம்பல்தான். பெயிண்டர் என்னிடம் வந்து, "ஏம்ண்ணே, இந்தம்மா வீட்டுல எதும் துக்கமா?" என்று கேட்டுவிட்டுப் போனான். நான் ஒரு நாள் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே போனபோது, வாசலிலேயே நிறுத்தி ஒரு சாம்பல் கோட்டைக் கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னார். சட்டையின் நிறம் திரையில் விழுந்து கண்ணை ஏமாற்றிவிடுமாம்.

வெயிலிலிருந்து வந்தால் திரையைப் பார்க்க மாட்டார். விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். ஜபம் பண்ணுகிறார் என்றார் ஆபீஸ் அக்கா. எங்கள் பேச்சை ஒட்டுக்கேட்கிறார் என்றேன் நான். ஒரு நாள் நேரிலேயே கேட்டுவிட்டேன்.

"நான் உள்ள வந்துட்டேன். ஆனா கண்ணு இன்னும் வெயில்லதான் நிக்கறது. அதுவும் வரட்டும்" என்றார், கண்ணைத் திறக்காமலே.

எதையும் நம்பாத மனுஷி. இதுதான் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய ஒரே விஷயம், மற்றதெல்லாம் அதற்குள் அடக்கம். அடுத்தவர் சொல்வதை நம்ப மாட்டார், தன் கண்ணையும் நம்ப மாட்டார். ஒரு தடவை தன் அக்கா மகளுக்கு முத்துமாலை வாங்க வேண்டும் என்று கடைத்தெருவுக்கு என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்கார அண்ணாச்சி மாலையை எடுத்து வெல்வெட் துணியில் வைத்ததும், இவர் அதைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு இறங்கிவிட்டார்.

"என்னம்மா, நம்பிக்க இல்லையாக்கும்?" என்று அண்ணாச்சி பின்னாலேயே ஓடி வந்தார்.

"உங்க மேல இருக்கு. உங்க டியூப்லைட் மேலதான் இல்ல" என்றார். நடுத்தெருவில் நின்று, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி ஒரு தடவை, மறு கண்ணை மூடி ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வாங்கினார். நான் வெட்கத்தில் பக்கத்துப் பழச்சாறு கடைக்குள் போய் நின்றுகொண்டேன்.

இன்னொரு நாள் உப்பளத்துக்குப் போனோம். கேமராவில் உப்புக் குவியலை எடுத்தால் அழுக்குச் சாம்பலாக விழுந்தது, அதற்காக. குவியலில் பாதி வெயிலிலும் பாதி கொட்டகை நிழலிலும் கிடந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தால் நிழலில் இருந்த உப்பு, வெயிலில் கிடந்த கறுப்புத் தார்ப்பாயைவிடக் கொஞ்சம்தான் வெளிச்சம். அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மாளைக் கூப்பிட்டு இவர் கேட்டார்: "இந்த ரெண்டு பக்கத்துலயும் எது வெள்ளை?"

"இது என்னம்மா கேள்வி? ரெண்டும் உப்புதான, ரெண்டும் வெள்ளதான். அங்கன நெழலு கெடக்கு, அவ்வளவுதாம்" என்றாள் அவள்.

இவருக்கு வந்ததே ஒரு சந்தோஷம்! இவ்வளவு படித்தவர் அந்த அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அதே பேச்சு. கேமரா வெளிச்சத்தை அளக்கிறது, கண் உப்பைப் பார்க்கிறது. நிழலைக் கழித்துவிட்டு உப்பைப் பார்க்கக் கேமராவுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும், அதுதான் நம் வேலை என்றார். எனக்கு முதல் தடவையாக அவர் மேல் கொஞ்சம் பிரியம் வந்தது. உடனே உஷாராகிவிட்டேன். பிரியமாகப் பேசித்தான் வாயைப் பிடுங்குவார்கள்.

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. அவர் வந்த இரண்டாம் நாளே ஒன்று நடந்திருந்தது. பெட்டியிலிருந்து சிவப்பு ஒயரை எடுத்துத் தரச் சொன்னார். நான் வழக்கம்போல ஒயரில் அச்சடித்திருந்த எண்ணைப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.

"நம்பர் பாத்து எடுக்கறேள். நல்ல பழக்கம்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். கண்டுபிடித்துவிட்டாரோ என்று நினைத்தேன். அன்றிலிருந்து ஒரு வருஷம், அவர் என்னைப் பார்த்துச் சிரித்தாலும் சந்தேகம், சிரிக்காவிட்டாலும் சந்தேகம்.

கிரேன் ஓட்டுகிறவர்களிடம் அவர் நடத்திய முதல் சோதனையை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். கேள்வித்தாளைத் தமிழில் எழுதியது நான்தான். 'மூலையில் உள்ள தகடு தெரிகிறதா?' பன்னிரண்டு பேரை ஒவ்வொருவராக அந்த அம்மா உள்ளே கூப்பிட்டுத் திரை முன்னால் உட்கார வைத்தார், நான் வெளியே நின்று தாளை வாங்கினேன். பன்னிரண்டு பேரும் தெரிகிறது என்று டிக் அடித்தார்கள். நான் முதலாளியிடம் சொல்ல எழுந்தேன். இவர் என் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, கடைசி மூன்று பேருக்குக் கேமராவின் மூடியைப் போட்டே வைத்திருந்ததாகச் சொன்னார். திரையில் வெறும் இருட்டுத்தான் இருந்திருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு மூன்று பேரும் தெரியுது என்று சொல்லியிருக்கிறார்கள்!

அந்த மூன்று பேரில் சேவியர் அண்ணனும் ஒருவர். இருபது வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறவர், கடற்கரைத் தெருக்காரர். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னண்ணே, ஒண்ணுமே இல்லாததப் பாத்து தெரியுதுன்னு சொல்லிட்டியளே" என்று கேட்டேன்.

அவர் துளிகூட அசரவில்லை. "தகடு எங்கன இருக்கும்னு எனக்குத் தெரியாதாப்பா? இருவது வருசமா அங்கனதான இருக்கு. தெரியுதான்னு கேட்ட, தெரியும்னு சொன்னேன். இதுல என்ன தப்பு?"

நான் அவரைத் திட்டுவதற்கு வாயெடுத்தேன். அந்த அம்மா தடுத்துவிட்டார். "அவர் பொய் சொல்லலை. நம்ம பாஷைல பாக்கறதும் தெரியறதுதான், அறியறதும் தெரியறதுதான். தெரியறதான்னு கேட்டா, மரியாதை தெரிஞ்சவா யாரும் தெரியலைன்னு சொல்ல மாட்டா. கேள்விதான் தப்பு" என்றார். அன்றோடு தெரிகிறதா என்ற கேள்விக்குக் கம்பெனியில் தடை போட்டார். என்ன தெரிகிறது என்றுதான் கேட்க வேண்டும். எந்த மூலை, என்ன நிறம், எத்தனை. பதிலை அவர்கள் வாயால் சொல்ல வேண்டும். டீ கொண்டுவருகிறவர் சீனி சரியாயிருக்கா என்று கேட்டால்கூட, "எத்தனை ஸ்பூன் போட்டேள்?" என்று திருப்பிக் கேட்பார். அவர் இல்லாதபோது நாங்கள் 'என்ன-தெரியறது மேடம்' என்று பேர் வைத்துக் கேலி செய்துகொண்டிருந்தோம். கேலியில் முதல் ஆள் நான்.

கொஞ்ச நாளில் இன்னொரு விதியும் வந்தது. யாரானாலும் திரையில் நிறத்தை மாற்றினால், அதை வேறு மூன்று பேருக்குக் காட்டி, என்ன நிறம் என்று கேட்டு, எழுதி வாங்கி அவரிடம் கொடுக்க வேண்டும். கம்பெனியில் நிறத்தை மாற்றுகிறவன் நான் ஒருத்தன்தான். எனக்காகவே வைத்த பொறி என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். மூன்று பேரிடம் போய் "இது என்ன நிறம்?" என்று நான் கேட்டால், "ஏம்ல, ஒனக்குத் தெரியாதா?" என்று அவர்கள் கேட்பார்கள். அதற்குத்தான் இந்த அம்மா காத்திருக்கிறார் என்று தோன்றியது.

அப்புறம் கோடைகாலம் வந்தது. திரையில் நிறம் கண்ணைக் குத்துகிறது என்று யார்டிலிருந்து புகார். நிறத்தைக் கொஞ்சம் மங்கலாக்கச் சொன்னார்கள். மங்கலாக்கினேன். எந்த அளவுக்கு மங்கினால் மற்றவர்களுக்குச் சிவப்பு சிவப்பாக இல்லாமல் போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? மீட்டரும் அதைச் சொல்லாது. எனக்குப் பார்க்க வசதியாகத்தான் இருந்தது. தாளை எடுத்துக்கொண்டு ஸ்டோர் அண்ணாச்சியிடம் போனேன்.

"அண்ணாச்சி, தகடு தெரியுதுல்லா?"

"தெரியுதேடே. பளிச்சுன்னு தெரியுது."

கையெழுத்து வாங்கிக்கொண்டேன். வெல்டிங் அண்ணனிடமும் அதே கேள்வி, ஆபீஸ் அக்காவிடமும் அதே கேள்வி. என்ன நிறம் என்ற கட்டத்தை, ஆளுக்கு ஒரு தகடு என்று, நானே நிரப்பினேன். பச்சை, சிவப்பு, பச்சை. மூன்று கையெழுத்தோடு அந்த அம்மாவின் மேஜையில் வைத்தேன். எதையும் நாலு தடவை பார்க்கிறவர், என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

பத்து நாள் ஒன்றும் ஆகவில்லை. பதினோராம் நாள் சாயங்காலம், வெயில் மேற்கிலிருந்து நேராகக் கூண்டுக்குள் விழுகிற நேரத்தில், சேவியர் அண்ணன் ஒரு பெட்டியைத் தூக்கினார். மூன்று மூலைதான் பூட்டியிருந்தது. பூட்டு விழாவிட்டால் கிரேனே தூக்காமல் நிற்க வேண்டும், ஆனால் அந்தப் பழைய கிரேனில் அந்த ஏற்பாடு எப்போதோ செத்துப்போயிருந்தது. பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. கீழே நின்ற நாலு பேர் சிதறி ஓடினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, சாமி புண்ணியம். சேவியர் அண்ணனைக் கூண்டிலிருந்து இறக்கி, கண் சரியில்லை என்று எழுதி, விசாரணை வரைக்கும் வீட்டில் இருக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"எங் கண்ணு நல்லாத்தாம்ப்பா இருக்கு. நாலும் ஒண்ணு போலத்தான் தெரிஞ்சிச்சு" என்று அவர் எங்கள் ஷெட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீ சொல்லுப்பா. நீ செட் பண்ணுன திரைதான. ஒனக்குத் தெரியும்லா?"

எனக்குத் தெரியும். நாலும் ஒன்று போலத் தெரிவது எப்படி இருக்கும் என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? "பாப்போம்ண்ணே" என்று சொல்லி அனுப்பினேன்.

விசாரணைக்கு முந்தின நாள் காலையில் அந்த அம்மா என் மேஜைக்கு வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்த மூணு பேர்கிட்ட என்னன்னு கேட்டேள்?"

"என்ன நிறம்னுதான் மேடம் கேட்டேன்."

"நான் மூணு பேரையும் கேட்டுட்டேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கும் வசதியாக இருந்திருக்கும். "உங்க கண்ணு எனக்கு ரெண்டாம் நாளே தெரியும். அதனாலதான் மூணு பேர்னு ரூல் போட்டேன். யாருக்கும் தெரியாம நீங்க இந்த வேலையப் பாக்கணும்னுதான் போட்டேன்."

மேஜையில் கிடந்த மீட்டரை எடுத்து உறைக்குள் போட்டேன்.

"இந்த ஆபீஸ்ல நான் திரும்பப் பாக்காம கையெழுத்துப் போட்டது உங்க தாள்ல மட்டும்தான். தன் கண்ண நம்ப முடியாதவன், அடுத்தவாகிட்ட ஒழுங்காக் கேப்பான்னு நினைச்சேன்." எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டார். "நாளைக்கு நீங்களே சொல்லிடுங்கோ. நான் பக்கத்துல இருக்கேன்."

மறுநாள் முதலாளி, யார்டு மேனேஜர், சேவியர் அண்ணன், அந்த அம்மா, நான். சேவியர் அண்ணன் மட்டும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். கண் சரியில்லாதவரை இனிமேல் கிரேனில் ஏற்ற முடியாது என்று யார்டு மேனேஜர் வாசித்து முடித்தார். யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று முதலாளி கேட்டார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். ஆண்டவன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்பாவின் கடையும், தராசும், மூன்று மாசம் முன்னால் கல்யாணம் ஆகி வந்த என் மனைவியின் முகமும் வரிசையாக வந்து நின்றன. வாயை மூடிக்கொண்டேன். மேஜையில் இருந்த தண்ணீர்த் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா என்னிடமிருந்து கண்ணை எடுத்து முதலாளி பக்கம் திரும்பினார். பிறகு பேசினார். "சேவியர் கண்ண நான் நாலு தடவ சோதிச்சாச்சு. இங்க இருக்கற யார் கண்ணையும்விட அது நல்லா இருக்கு. திரைல நிறம்தான் போயிருக்கு. சாயங்கால வெயில் பட்டா அதுல பச்சையும் கிடையாது, சிவப்பும் கிடையாது."

"நெறத்த மாத்துன பொறவு சரியா இருக்கான்னு பாத்தது யாரும்மா? யார் யாருட்ட கேட்டாவ? சொல்லுங்க" என்றார் முதலாளி.

"சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டது நான். பாக்காமப் போட்டேன். அத மட்டும் எழுதிக்கோங்கோ."

முதலாளி இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அதே பதில்தான் வந்தது. நான் ஒரு மனுஷன் அங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதையே அவர் மறந்துவிட்ட மாதிரி இருந்தது. சேவியர் அண்ணனுக்குக் கூண்டு திரும்பக் கிடைத்தது. அந்த அம்மாவை மாசக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார்கள்.

மீதி இருந்த இரண்டு வாரத்தில் அவர் ஒரு வேலை செய்தார். தகடுகளில் சிவப்பு, பச்சை இரண்டையும் எடுத்துவிட்டு, கறுப்பில் மஞ்சள் பட்டை அடிக்க வைத்தார். பூட்டியிருந்தால் பட்டை படுத்திருக்கும், பூட்டாவிட்டால் நிமிர்ந்து நிற்கும். காலை, உச்சி, சாயங்காலம் என்று மூன்று நேரமும் கிரேன் கிரேனாக ஏறி, ஒவ்வொருவரையும் கேட்டு எழுதிக்கொண்டார். என்னையும் வரிசையில் நிற்க வைத்துக் கேட்டார். எனக்கும் தெரிந்தது. அவர் குரல் எல்லோரிடமும் இருந்தது போலவே என்னிடமும் இருந்தது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கடைசி நாளில் சொல்லிக்கொண்டு போக வந்தபோது நான் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அவசர வேலை இருப்பதாக நடித்தேன். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. பெங்களூருக்குப் போய்விட்டார் என்றும் சொன்னார்கள், அப்பா கூடவே ஊரில் இருக்கிறார் என்றும் சொன்னார்கள். ஸ்ரீவைகுண்டம் இங்கிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை.

நான் இன்னும் அதே ஷெட்டில்தான் இருக்கிறேன். அந்தச் சாம்பல் அறை இப்போது எனக்குத்தான். என் மனைவிக்குக்கூட இதையெல்லாம் சொன்னதில்லை.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மறுநாள் சேவியர் அண்ணன் ஒரு பெரிய சீலா மீனைப் பையில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவார். வேண்டாம் என்றால் கேட்க மாட்டார். "நீ மட்டும் அன்னைக்கு அந்த மேடத்துட்ட எனக்காகப் பேசலன்னா நான் இன்னிக்கு எங்கன கெடப்பேனோ" என்று என் மனைவியிடம் ஒவ்வொரு வருஷமும் தவறாமல் சொல்வார். யாரோ அவருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறார்கள், அல்லது அவராகவே நினைத்துக்கொண்டார். மனைவி என்னைப் பெருமையாகப் பார்ப்பாள். இந்த வருஷமும் வந்தார், மீனைக் கொடுத்தார், அதையே சொன்னார். நான் பையை வாங்கி அடுப்படியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, "உக்காருங்கண்ணே, காப்பி குடிச்சிட்டுப் போலாம்" என்றேன்.